சொல்லிக் காட்டாதவர்

அன்புள்ள ஐயா,

நான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 31. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் ஒரே மாதிரிப் பிரசங்கத்தைத்தான் கேட்கிறேன். "ஆணி அடித்தது ரோமச் சேவகன் இல்லை, நீதான். உன் பொய், உன் பொறாமை, உன் அசுத்தமான நினைவு." சிறுமியாக இருந்தபோது அதைக் கேட்டுவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதிருக்கிறேன். இப்போது அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்த சாவுக்கு, அப்போது பிறக்கவே பிறக்காத நான் எப்படிப் பொறுப்பு? எனக்காகச் சாகச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லையே?

உடனே அடுத்த கேள்வி: "இந்த அன்புக்கு நன்றியாக நீ என்ன செய்யப்போகிறாய்?" என் வீட்டில் ஒருவர், "உனக்காக நான் என்னவெல்லாம் பட்டேன் தெரியுமா?" என்று அடிக்கடி சொல்வார். பிரசங்கியாரின் கேள்வி எனக்கு அப்படியே அந்தக் குரலில்தான் கேட்கிறது. நன்றி என்றாலே தொண்டை அடைக்கிறது. குற்ற உணர்வு இல்லாமல் நன்றி மட்டும் வர முடியுமா? இந்த வருடம் பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அது தவறா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் உங்கள் பிரசங்கியாருக்காக வாதாடியிருப்பேன், இல்லாவிட்டால் அவரைத் திட்டியிருப்பேன். இரண்டாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

முதலில் அந்த "நீதான் கொன்றாய்". சுவிசேஷங்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அதிகாரங்களைப் பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஒருமுறை வெறுமனே வாசித்துப் பாருங்கள். இயேசுவைக் கொன்ற பாவங்களில் அபூர்வமானது என்று ஒன்றுகூட இல்லை. ரோம ஆளுநர் பிலாத்துவுக்கு அவர் குற்றமற்றவர் என்று நன்றாகவே தெரியும். "இவனை விட்டுவிட்டால் நீர் இராயனுக்குச் சிநேகிதன் அல்ல" என்று கூட்டம் சொன்னதும் பதவி போய்விடுமோ என்ற பயம் வந்துவிடுகிறது. பிரதான ஆசாரியன் காய்பா, ஜனம் முழுவதும் அழிவதைவிட ஒரு ஆள் சாவது மேல் என்று கணக்குப் போடுகிறான். கூடவே சாப்பிட்ட ஒருவன் காசு வாங்குகிறான், மற்றவர்கள் ஓடிப்போகிறார்கள். சேவகர்களுக்கு அது உத்தரவு, அவ்வளவுதான். ஒரு மனிதன் தலைக்கு மேலே செத்துக்கொண்டிருக்க, கீழே உட்கார்ந்து அங்கிக்குச் சீட்டுப் போடுகிறார்கள். இவற்றில் எதைப் படித்தாலும், இதை நானும் செய்திருக்கிறேனே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் தவித்தபோது என் பங்கு எவ்வளவு என்று பார்த்திருக்கிறேன்.

"என் பாவம் அவரைக் கொன்றது" என்று சபை சொல்லி வந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உங்கள் மேல் யாரோ எழுதிய கொலைத் தீர்ப்பு அது இல்லை. அந்தக் கூட்டத்தில் நம் முகத்தை நாமே அடையாளம் காண்பது. ஓவியர் ரெம்பிராண்ட் 1633 வாக்கில் சிலுவையைத் தூக்கி நிறுத்தும் காட்சியை வரைந்தார். ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதில் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறவர்களில் ஒருவன் தன் காலத்து உடையில், நீலத் தொப்பியோடு நிற்கிறான். அது ரெம்பிராண்டின் சொந்த முகம். அவர் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தை அங்கே வரையவில்லை.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் விஷயம் சின்னது இல்லை. பல நூற்றாண்டுகளாக யூதர்களைப் பார்த்து "நீங்கள்தான் கொன்றீர்கள்" என்று கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். அதன் பெயரால் அடித்தார்கள், துரத்தினார்கள், கொன்றார்கள். திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கப் பேரவைக்குப் பின் 1566இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், யூதர்களைவிட நம் குற்றமே பெரியது, அவர்கள் அறியாமல் செய்தார்கள், நாமோ அவரை அறிவோம் என்று சொல்லிக்கொண்டே செய்கிறோம் என்று எழுதி வைத்திருக்கிறது. அதைக் கேட்டவர்கள் குறைவு. அன்று இருந்த யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்கள்மேலும் அந்தப் பழியைப் போடக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்ல 1965 ஆயிற்று. குற்றத்தைச் சுமக்க நாம் மறுக்கும்போது அது மறைந்துவிடுவதில்லை, இன்னொருவன் முதுகில் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் பிரசங்கியார் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவர் உங்களை அங்கேயே நிறுத்திவிட்டாரே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1519இல், பாடுகளை எப்படித் தியானிப்பது என்று ஒரு பிரசங்கம் எழுதினார். முதலில் யூதர்கள்மேலும் யூதாஸ்மேலும் கோபப்படுவது தியானம் ஆகாது என்கிறார். (பின்னாளில் அவரே அதை மறந்து யூதர்களுக்கு எதிராக மிகக் கொடூரமாக எழுதினார். அவரை மதிக்கிற எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அப்புறம், உன் பாவத்தைப் பார்த்து நடுங்கு என்கிறார். இதுவரை உங்கள் பிரசங்கியார் சொன்னதேதான். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். நடுங்கியாயிற்றா, சரி, இனி பாவத்தை உன் மனசாட்சியில் வைத்திருக்காதே, கிறிஸ்துவின்மேல் போட்டுவிடு. உள்ளேயே வைத்திருந்தால் நம்பிக்கையற்றுப் போவாய். இனி அவருடைய காயத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல், உன்மேல் அன்பு நிறைந்த அவருடைய இதயத்தைப் பார். இதைச் சொன்னவர், ஒரு பாவம் விட்டுப்போயிற்றோ என்று பயந்து மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்த ஆள். பட்டுத் தெரிந்துகொண்டவர்.

1563இல் ஜெர்மனியில் வந்த ஹைடெல்பெர்க் வினாவிடை என்ற புராட்டஸ்டண்ட் மறைக்கல்வி நூல் எனக்குப் பிடித்த இன்னொரு சாட்சி. மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று அதில் மூன்று பாகம். மொத்தம் 129 கேள்விகள், முதல் இரண்டு முன்னுரை. அவலத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது! மீட்புக்கு 74, நன்றிக்கு 44. பத்துக் கட்டளைகளுக்கான விளக்கமே நன்றி என்ற பாகத்தில்தான் வருகிறது. நீங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தது அந்த ஒன்பது கேள்விகளை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

யூதாஸையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்ற உணர்வில் யூதாஸ் குறைந்தவன் இல்லை. 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். யாரிடம் சொன்னான்? ஆசாரியர்களிடம். அவர்கள் சொன்ன பதில், "அது உன்பாடு". இவ்வளவு குளிர்ந்த வார்த்தை சுவிசேஷத்தில் வேறு இல்லை. அவன் போய்த் தூக்கு மாட்டிக்கொண்டான்.

இயேசு பிடிபட்ட ராத்திரியில் சீஷன் பேதுரு அவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்புப் பக்கத்தில். அங்கே குளிர்காய்ந்தான், மூன்று தடவை அவரைத் தெரியாது என்றான். யோவான் சுவிசேஷத்தில் அந்தக் கரிநெருப்பு இன்னொரு இடத்தில் வருகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது, நம் பழைய தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் "கரிநெருப்பு" என்றே போட்டிருக்கிறது. அந்த இரண்டாவது இடம், இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, விடியற்காலையில், கடற்கரையில். நெருப்பின்மேல் மீன், பக்கத்தில் அப்பம். பேதுருவுக்கு அந்தப் புகை வாசனை எதை ஞாபகப்படுத்தியிருக்கும்? அவன் அங்கே நனைந்த துணியோடு நிற்கிறான். "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று இயேசு கேட்டிருக்கலாம். முதலில் "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகு மூன்று தடவை, என்னை நேசிக்கிறாயா என்று மட்டும் கேட்கிறார். மூன்றாவது தடவை பேதுருவுக்குத் துக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறது. குற்றம் தொடப்பட்டது, மழுப்பப்படவில்லை. ஆனால் அவன் கையில் வந்து சேர்ந்தது ஒரு வேலை: என் ஆடுகளை மேய்.

நம் மொழியில் "சொல்லிக் காட்டுவது" என்று ஒன்று இருக்கிறது. செய்த உதவியை எடுத்து எடுத்துச் சொல்லி, வாங்கினவனைக் கூனிக் குறுகவைப்பது. உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். அவர் உங்களுக்காகப் பட்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் சொல்லிக் காட்டினால் உதவி கடனாகிவிடுகிறது. இயேசு கதவு பூட்டிய அறைக்குள் வந்து, ஓடிப்போன சீஷர்களுக்குத் தன் கைகளையும் விலாவையும் காட்டினார். காட்டினார், சொல்லிக் காட்டவில்லை. அந்தக் காயத்தோடு வந்த வார்த்தை, "உங்களுக்குச் சமாதானம்". பிரசங்க மேடையிலிருந்து யார் அந்தக் காயத்தை எடுத்துச் சொல்லிக் காட்டினாலும், அது அவர் செய்யாத ஒன்று.

என் வீட்டுக் கதை ஒன்று. என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் போய், அவர் தங்கை, என் அத்தை, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அதற்கப்புறம் சித்தப்பாவால் அத்தை முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அத்தை வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவார், அத்தை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். மாற்று உறுப்பு பெற்றவர்களை ஆராய்ந்த ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேசி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், இந்த நிலைமைக்குக் கொடையின் கொடுங்கோன்மை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை வாங்கினவன் படும் பாடு. அத்தை தினமும் போன் செய்து, "அண்ணே, தண்ணி குடிச்சியா?" என்று கேட்பார். சிறுநீரகம் மாற்றியவர்கள் தண்ணீர் குறைக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு அது, கொடுத்த பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரிப்பதாகத்தான் கேட்டது. ஒருமுறை பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியிருந்ததை அவர் அத்தையிடமிருந்து மறைத்துவிட்டார். விஷயம் தெரிந்து அத்தை நேரே வந்தார். திட்டவில்லை. சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கும் ஒண்ணுதான இருக்கு. ரெண்டு பேருமே குடிக்கணும்" என்று சொல்லி மற்றதைத் தான் குடித்தார்.

நான் அங்கே இருந்தேன். சித்தப்பா அன்றுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இந்தக் கதை சிலுவைக்கு முழுக்கப் பொருந்தாது. சித்தப்பா அத்தைக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை, நாம் செய்திருக்கிறோம். ஆனால் நன்றிக்கடன் என்ற சொல்லில் உள்ள கடன் எப்போது கழன்று விழும் என்பதை நான் அந்த இரண்டு டம்ளரில் பார்த்தேன். தான் காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரியில் இயேசுவும் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து, முதலில் தானே ஸ்தோத்திரம் பண்ணினார். திருவிருந்துக்கு வழங்கும் பழைய கிரேக்கப் பெயருக்கு அர்த்தமே நன்றி செலுத்துதல்தான். நம்மிடம் நன்றி கேட்பதற்கு முன்னால் அவரே நன்றி சொல்லிவிட்டார்.

"நான் கேட்கவில்லையே" என்கிறீர்கள். ஆமாம், நீங்கள் கேட்கவில்லை. நாம் பாவிகளாயிருக்கையிலேயே அவர் மரித்தார் என்று பவுல் சொல்வதும் அதைத்தான். என் உயிரை யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்று இயேசுவும் சொன்னார். நீங்கள் யாரையும் சாகடித்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. 1373ஆம் வருடம், இங்கிலாந்தில் நார்விச் ஜூலியன் என்று இன்று அறியப்படும் பெண், முப்பது வயதில் சாகக் கிடந்தபோது தரிசனம் கண்டார். அதில் இயேசு அவரிடம், நான் உனக்காகப் பாடுபட்டதில் உனக்குத் திருப்தியா என்று கேட்கிறார். ஆமாம் ஆண்டவரே, உமக்கு நன்றி என்கிறார் இவர். உனக்குத் திருப்தி என்றால் எனக்கும் திருப்தி, உனக்காகப் பட்டது எனக்கு முடிவில்லாத சந்தோஷம், இன்னும் பட முடியுமானால் இன்னும் படுவேன் என்று பதில் வருகிறது. "உனக்காக என்னவெல்லாம் பட்டேன் தெரியுமா" என்பதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான். ஆனால் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

குற்ற உணர்வே இல்லாமல் நன்றி வருமா என்று கேட்டீர்கள். முழுக்க வராது என்றுதான் நினைக்கிறேன். 500 வெள்ளிக்காசு கடன் தள்ளுபடியானவன் 50 தள்ளுபடியானவனைவிட அதிகமாக நேசிப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். தள்ளுபடி ஆனது எவ்வளவு என்றாவது தெரிய வேண்டும். ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிசேயா விசுவாசப் பிரமாணம் "எங்களுக்காக" சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்கிறது, எந்த விதத்தில் என்று விளக்காமல் விட்டுவிடுகிறது. அதைக் கடன் கணக்காக விளக்கிய இறையியலாளர் அன்செல்ம் தன் நூலை முடித்தது 1098இல். அதற்கு முன் ஆயிரம் வருடமாகச் சபை அதிகம் பாடியது, மரணத்தை அவர் மிதித்து ஜெயித்ததை. கிழக்கத்திய சபைகளில் ஈஸ்டர் ராத்திரி இன்றும் அதுதான் முழங்குகிறது. அது சிறையிலிருந்து வெளியே வந்தவனின் நன்றி. உங்களுக்கு இப்போது அந்த வாசல் திறந்திருந்தால் அதன் வழியாகவே வாருங்கள்.

கடைசியாக, ஆராதனை. போகாவிட்டால் பாவம் இல்லை. தன்னைப் பார்த்து அழுத பெண்களிடமே, எனக்காக அழாதேயுங்கள் என்று சொன்னவர் அவர். நீங்கள் அழ முடியாமல் இருப்பதற்காக அவர் வருத்தப்பட மாட்டார். வீட்டில் இருந்தீர்களானால் அன்று பாடுகளின் அதிகாரங்களை மெதுவாக வாசியுங்கள், யோவான் 21ஐ மட்டும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போனீர்களானால், பிரசங்கம் பழைய மாதிரியே இருந்தாலும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவதுவரை உட்கார்ந்திருங்கள். அது "முடிந்தது" என்ற வார்த்தை. எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், போகாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்.