நுகர்வோர் கேள்வி-பதில்: கிராபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கூலர் வாங்குவோருக்கு

கணினியின் திரைக்காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டோடு, அதன் சிப்பைக் குளிர்விப்பதற்காக வந்த கூலரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த விரும்பும் வாசகர்களிடமிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் சிலவற்றைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கேள்வி: என் ஆர்எக்ஸ் 580 கார்டில் சிப்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 75 மி.மீ. வருகிறது. எந்தக் கூலரின் விவரத்திலும் இந்த அளவு இல்லை. என் கார்டுக்குக் கூலரே கிடைக்காதா?

பதில்: நீங்கள் மூலைக்கு மூலை அளந்திருக்கிறீர்கள். நான்கு துளைகளும் ஒரு சதுரத்தின் மூலைகளில் இருக்கின்றன. கூலர் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது அந்தச் சதுரத்தின் பக்க அளவை, அதாவது அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை. 75-ஐ 1.414-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53 வரும். இவ்வகைக் கார்டுகளில் வழக்கமாகக் காணப்படும் 53.3 மி.மீ. அதுவே. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ போன்ற, என்விடியா நிறுவனத்தின் கார்டுகள் பலவற்றில் இது 58.4 மி.மீ. இரண்டு அளவுகளுக்கும் துளையிட்ட கூலர்கள் உண்டு. வாங்குவதற்கு முன்பே ஸ்கேலை எடுத்தீர்களே, அது மிகவும் நல்ல பழக்கம்.

கேள்வி: எட்டு மாதம் பழகிய ஆர்டிஎக்ஸ் 3070. விளையாடும்போது வெப்பம் 78 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. கூலரை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இந்தச் சிப்புக்கு என்விடியா வகுத்த உச்ச வரம்பு 93 டிகிரி. வாரண்டி உள்ள கார்டைப் பிரிக்காமல், கேபினெட்டின் தூசியைத் துடையுங்கள்.

கேள்வி: "ஆர்டிஎக்ஸ் 3080-க்குப் பொருந்தும்" என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் 14,000 ரூபாய் கொடுத்து ஒரு வாட்டர் பிளாக் (உள்ளே நீர் ஓடிக் கார்டைக் குளிர்விக்கும் உலோகக் கூலர்) வாங்கினேன். என் கார்டு வேறொரு நிறுவனம் தயாரித்த மூன்று ஃபேன் மாடல். வந்த பிளாக் என்விடியாவின் சொந்தக் கார்டுக்கு மட்டுமே உரியது என்பது பெட்டியைத் திறந்த பிறகே தெரிந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: தவறு உங்களுடையது அல்ல. நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்டிஎக்ஸ் 3080 என்பது ஒரு விற்பனைப் பெயர். அந்தப் பெயர் கொண்ட சிப்பை எந்த அளவுப் போர்டில், எந்தெந்தப் பாகங்களை எங்கெங்கே வைத்துப் பொருத்துவது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. 2020-இல் என்விடியா தானே வெளியிட்ட ஃபவுண்டர்ஸ் எடிஷனின் போர்டு குட்டையானது. அதன் ஒரு முனை ஆங்கில 'வி' எழுத்தைப் போல வெட்டப்பட்டிருக்கும். மற்ற நிறுவனங்கள் பின்பற்றுவதற்கென இருந்த மாதிரிப் போர்டு வழக்கமான செவ்வக வடிவம் கொண்டது. அந்த மாதிரியையும் விட்டுவிட்டு நிறுவனங்கள் தாமாக வடிவமைத்த போர்டுகள் மூன்றாவது வகை. வாட்டர் பிளாக்கோ சிப், நினைவகச் சிப்புகள், மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி ஆகிய மூன்றையும் ஒரே உலோகத் தகட்டால் தொட வேண்டிய பொருள். போர்டின் மின்பகுதியில் நிற்கும் ஒரு காயில் (கம்பிச் சுருள்) இரண்டு மி.மீ. தள்ளி இருந்தாலும் பிளாக் உட்காராது. இதை நன்கு அறிந்தவர்கள்தான் விளம்பரத்தில் சிப்பின் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, போர்டின் வகையை மறைத்துவிடுகிறார்கள்.

நானும் இதில் பணம் இழந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் காற்றுக் கூலர் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். துளைகளின் தூரம் 58.4 மி.மீ. என்று அளந்து உறுதி செய்துகொண்ட நான், சிப்புக்கு அருகில் நின்ற காயில்களின் உயரத்தைப் பார்க்கவில்லை. கூலரின் அடித்தகடு அவற்றின் மேல் ஏறி நின்றதால் சிப்பைச் சரியாகத் தொடவே இல்லை. ஒரு நிமிடத்திற்குள் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டிக் கணினி அணைந்துவிட்டது. "துளை பொருந்துகிறதே" என்று சொல்லிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார் விற்றவர். அன்று முதல், கார்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணையும் திருத்தப் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, கூலர் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் அவை அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. ஒரே பெயரில், ஒரே பெட்டியில் விற்கப்படும் கார்டுக்குக்கூட இடையில் போர்டு மாறிவிடுவது உண்டு. எனவே பதிப்பு எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்.

இனி உங்கள் பணம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. அந்த விளம்பரம் மாற்றப்படுவதற்கு முன் இன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்பனையாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுங்கள். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு.

கேள்வி: தள்ளுபடியில் கிடைத்ததால் பெரிய கூலர் ஒன்றை வாங்கிவிட்டேன். பொருத்தினால் கணினியில் கார்டுகளைச் செருகும் இடங்களான ஸ்லாட்களில் மூன்றை அடைத்துக்கொள்கிறது. கேபினெட்டின் பக்கக் கதவும் மூடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு ஸ்லாட்டின் அகலம் 20.32 மி.மீ. கூலரின் தடிமனும் உயரமும் அதன் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் எதையும் படிக்காமல், எதையும் அளக்காமல், விலையை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். இதில் கடைக்காரரின் குற்றம் எதுவும் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளும்படி பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3090-இல் சிப் குளிர்ச்சியாக இருக்கிறது, நினைவகம் மட்டும் 104 டிகிரி காட்டுகிறது. பெரிய காற்றுக் கூலர் போட்டால் குறையுமா?

பதில்: முழுமையாகக் குறையாது. இந்தக் கார்டின் 24 நினைவகச் சிப்புகளில் 12 போர்டின் பின்புறத்தில் இருக்கின்றன. முன்புறக் கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவற்றைத் தொடாது. வாரண்டி முடிந்திருந்தால், சிப்புகளின் வெப்பத்தைக் கடத்துவதற்காக அவற்றின் மேல் வைக்கப்படும் மெத்தென்ற பட்டைகளான தெர்மல் பேடுகளை மாற்றுங்கள். ஆனால் பழைய பேட் எத்தனை மி.மீ. தடிமன் என்று தெரிந்துகொண்டு அதே தடிமனில் வாங்குங்கள். அரை மி.மீ. கூடினாலும் கூலர் உயர்ந்து, சிப்பை விட்டு விலகிவிடும்.

கேள்வி: புதிய கூலரின் ஃபேன் இணைப்பிலும் நான்கு முனை, கார்டிலும் நான்கு முனை. ஆனால் நுழையவில்லை.

பதில்: கார்டில் இருப்பது சிறிய வகை, அதற்கான மாற்று கேபிளை வாங்குங்கள், அழுத்தி நுழைக்காதீர்கள்.

கேள்வி: பழைய பொருள் கடையில் கூலர் வாங்கினேன். அதற்குரிய ஸ்க்ரூக்கள் இல்லை. எந்த ஸ்க்ரூவும் போதும் என்று கடைக்காரர் சொன்னார். முறுக்கியபோது சிப்பின் மூலை உடைந்துவிட்டது. இப்போது திரையில் எதுவும் வரவில்லை. பில்லும் தரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். பெரும்பாலான கணினிப் பிராசசர்களுக்கு இருப்பது போன்ற உலோக மூடி கிராபிக்ஸ் சிப்புக்குக் கிடையாது. ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூக்கள் அழுத்தத்தை அளவோடு நிறுத்துவதற்காகவே தரப்படுகின்றன. அவற்றையும் எதிரெதிர் மூலைகளில் அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் முறுக்க வேண்டும். இதைத் தெரிந்திருக்க வேண்டியவர் விற்றவர். உடைந்த சிப்பைச் சரிசெய்ய வழியில்லை. பில் தராமல் விற்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே பில் இல்லாததால் உங்கள் புகார் செல்லாது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். செல்போன் வழியே பணம் செலுத்தியிருந்தால் அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.