யாஷிகா மேட் 124ஜி-யில் லைட் லீக்: ஃபோம் மாற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமராவில் எடுத்த ரோலில் பாதிப் படங்களில் ஓரமாக வெளிச்சக் கீற்று விழுந்திருக்கிறது. பின்கதவு ஓரத்தில் வெளிச்சத்தை அடைக்கும் ஃபோம் சீலை மாற்றினால் சரியாகிவிடுமா, வேறு எங்கிருந்தாவது கசியுமா?

பதில்:

பெரும்பாலும் ஃபோம்தான். ஆனாலும் ஃபோம் வாங்க ஓடுவதற்கு முன் நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கேனை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேன் செய்பவர்கள் ஃப்ரேமின் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். நமக்கு வேண்டிய தடயமே அந்த ஓரத்தில்தான் கிடக்கிறது.

படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடம் நெகட்டிவில் கறுத்திருக்க வேண்டும். அங்கே நெகட்டிவ் சுத்தமாக இருந்தால் குற்றவாளி ஸ்கேனர், கேமராவை விட்டுவிடலாம்.

இந்தக் கேமராவில் போடும் 120 ஃபிலிமின் அகலம் சுமார் 61 மி.மீ. படம் விழுவது 56 மி.மீ சதுரத்தில். ஆக இரண்டு பக்கமும் இரண்டரை மி.மீ அளவுக்கு வெற்று விளிம்பு இருக்கும், ஃப்ரேம்களுக்கு நடுவிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். கறுப்பு அந்த விளிம்புக்கும் வழிந்திருந்தால் ஒளி பின்கதவுப் பக்கமாக வந்திருக்கிறது, அல்லது கேமராவுக்கு வெளியே ரோலிலேயே பட்டிருக்கிறது. ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் ஃப்ரேம் எல்லையிலேயே நின்றுவிட்டால் ஒளி முன்பக்கமாக, அதாவது லென்ஸ் போர்டு (லென்ஸைத் தாங்கும் முன் பலகை), ஷட்டர் வழியாக வந்திருக்கிறது. அப்படியானால் ஃபோம் மாற்றி ஒரு பயனும் இல்லை. கீற்று சூரியன் இருந்த திசைக்குத் தக்கபடி படத்துக்குப் படம் இடம் மாறினால் அது லீக்கே இல்லாமல் வெறும் ஃப்ளேராகவும், அதாவது லென்ஸுக்குள் சிதறிய வெளிச்சமாகவும், இருக்கலாம்.

விளிம்பில் கறுப்பு இருக்கிறது என்று வையுங்கள். அடுத்து அது எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதே இடத்தில், சிலதில் அடர்த்தியாகவும் சிலதில் லேசாகவும் வந்தால் கேமரா லீக். அடர்த்தியாக உள்ளவை, வெயிலில் கேமரா தோளில் தொங்கியபோது ஃபிலிம் கேட்டில் (படம் விழும் சதுரத் திறப்பில்) காத்திருந்த ஃப்ரேம்கள். மாறாக, ஃப்ரேம் எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் அலை அலையாக விளிம்பில் கறுப்பு வந்து, அலைகளின் இடைவெளி சீராகக் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால், ரோல் சுருட்டியிருந்த நிலையில் வெளிச்சம் பட்டிருக்கிறது. அந்த இடைவெளி ரோலின் சுற்றளவுதான். வெளிச்சுற்று வரவர அது பெரிதாகும். கறுப்பு 12-ஆம் ஃப்ரேம் பக்கம் அதிகமென்றால் எடுத்து முடித்த பிறகு பட்டது, 1-ஆம் ஃப்ரேம் பக்கம் அதிகமென்றால் லோடு செய்யும் முன் பட்டது. இதற்கு மருந்து நிழலில் லோடு செய்வதும், ஃபிலிமின் காகிதத்தில் உள்ள அம்புக்குறி வரும்வரை கீழ் ஸ்பூலைக் (ஃபிலிம் சுற்றிய உருளையை) கட்டைவிரலால் லேசாக அழுத்தி இறுக்கமாகச் சுற்றவிடுவதும்தான். தளர்ந்த ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைத் திட்டுகிறவர்கள் நிறைய.

கேமரா லீக் என்று உறுதியானால் பின்கதவைத் திறந்து, நெகட்டிவை ஃபிலிம் கேட்டின் மேல் வைத்துப் பாருங்கள். மங்கலான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கட்டும், படம் தலைகீழாக இருக்கட்டும். இந்தக் கேமராவில் ஃபிலிம் கீழிருந்து மேலே போகிறது. முந்தைய ஃப்ரேம் மேல் ஸ்பூல் பக்கம் இருந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். இப்போது கறுப்பு எந்த ஓரத்தைத் தொடுகிறதோ அங்கேதான் ஓட்டை. பின்கதவின் கீல் மேலே, தாழ்ப்பாள் அடியில். படம் கேட்டில் தலைகீழாக விழுவதால், கீலில் கசிந்தால் கீற்று படத்தின் தரைப் பக்கம் வரும், தாழ்ப்பாளில் கசிந்தால் வானத்தில் வரும். இடது வலதும் அப்படியே மாறும்.

கலர் நெகட்டிவ் என்றால் நிறமும் கொஞ்சம் பேசும். படத்தில் கீற்று ஆரஞ்சு, சிவப்பாக இருந்தால் ஒளி ஃபிலிமின் முதுகு வழியாக நுழைந்து சிவப்பு அடுக்கை முதலில் தொட்டிருக்கிறது. வெளிறிய வெள்ளையாக இருந்தால் முன்பக்கம் என்று சந்தேகிக்கலாம், சந்தேகம் மட்டும்தான். ஒளி ரொம்ப அதிகமானால் எந்தப் பக்கம் வந்தாலும் வெளுத்துவிடும்.

முன்பக்கத்தைச் சோதிக்க டார்ச் போதும். இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து, ஷட்டர் மூடிய நிலையில் கேட்டில் கண்ணை வைத்து, லென்ஸ் மீதும் லென்ஸ் போர்டைச் சுற்றியும் டார்ச்சை மெதுவாக நகர்த்துங்கள். போர்டு முன்னே வந்தபோது ஒருமுறை, உள்ளே போனபோது ஒருமுறை. மேலே வியூஃபைண்டருக்குள்ளும் அடித்துப் பாருங்கள். பின்கதவுக்கு டார்ச்சை நம்பாதீர்கள். அங்கே ஒளி வளைந்து நெளிந்து வருவதால், நேர்க்கோட்டில் பார்க்கும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பின்கதவுக்கு ஒரு ரோலைப் பலி கொடுப்பதே மேல். ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டு, லென்ஸ் கேப்பை மாட்டி, கதவின் எல்லா விளிம்பையும் கறுப்பு டேப்பால் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். மலிவு இன்சுலேஷன் டேப் ஓரடுக்கில் வெளிச்சத்தை விடும். 1-ஆம் ஃப்ரேமை இப்படியே வெயிலில் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். 3-இல் கீல் டேப்பை மட்டும் எடுங்கள், 5-இல் அதை ஒட்டிவிட்டுத் தாழ்ப்பாள், 7-இல் இடது, 9-இல் வலது. பக்கத்து ஃப்ரேமுக்கும் கறுப்பு வழியும் என்பதால் இரட்டைப்படை ஃப்ரேம்களை வெயில் காட்டாமல் கடத்துங்கள். ஷட்டரைத் தட்டாமல் கிராங்க் (ஃபிலிமை நகர்த்தும் கைப்பிடி) அடுத்த ஃப்ரேமுக்குப் போகாது, அதனால் கேப் போட்டபடியே 1/500 நொடி வேகத்தில் தட்டுங்கள். 11-இல் டேப் எல்லாம் இருக்க, கேப்பை மட்டும் கழற்றி ஷட்டரைத் தட்டாமல் வானத்தைப் பார்க்க வையுங்கள். இது ஷட்டருக்கான சோதனை. முழுக்க ஒட்டிய 1-ஆம் ஃப்ரேமே கறுத்திருந்தால் டேப்பையும் ரோலையும் டெவலப் செய்த இடத்தையும் சந்தேகியுங்கள்.

ஃபோம்தான் என்று முடிவானால் பழையதை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். வயதான ஃபோம் வெல்லப்பாகு மாதிரி இழுபடும். துகள் லென்ஸ் பக்கமோ கியர் பக்கமோ விழாமல் கேட்டை மூடி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். அசிட்டோன் பெயிண்டைத் தின்றுவிடும். புது ஃபோமுக்கு 1.5 மி.மீ தடிமனில் தொடங்குங்கள். தடிமன் கூடினால் நன்றாக அடைக்கும் என்பது தப்புக் கணக்கு: கதவு தாழ்ப்பாளை எதிர்த்து எம்பிக்கொண்டு புது இடுக்கை உண்டாக்கும். ஒட்டும் பக்கத்தை ஆல்கஹாலில் லேசாக நனைத்தால் சற்று நேரம் பிடிக்காது, அதற்குள் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். மூலையில் இரண்டு துண்டுகள் இடைவெளி விடாமல் முட்ட வேண்டும், அரை மி.மீ விட்டாலும் கீற்று அங்கேயே திரும்ப வரும். கதவை மூடி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, தாழ்ப்பாள் பழையபடி ஒரு விரலில் பூட்டுகிறதா என்று பாருங்கள். பூட்ட அமுக்க வேண்டியிருந்தால் கீல் பக்க ஃபோமை மெல்லியதாக மாற்றுங்கள்.