செர்மாட் ஐந்து ஏரி நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்கு மேலே, பிளவ்ஹெர்ட் கேபிள் கார் நிலையத்தில் தொடங்கி சுன்னேகாவில் முடிகிறது இந்தப் பாதை. ஸ்டெல்லிசே, கிரிண்ட்யிசே, குரூன்சே, மூஸ்யிசே, லைசே என்று வழியில் ஐந்து ஏரிகள். மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டர் அளவுக்கு நடை. வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: "எளிதான பாதை" என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு 68 வயது, ஒரு முழங்காலில் தேய்மானம். தினமும் அரை மணி நேரம் நடப்பார். அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் ஐந்து ஏரிகளுக்கும் வேண்டாம். "எளிது" என்பது பாதையைப் பற்றிய பேச்சு. கயிறு பிடிக்க வேண்டியதில்லை, செங்குத்துப் பள்ளத்தின் ஓரத்தில் நடக்க வேண்டியதில்லை, வழி தவறுவதும் கடினம். முழங்காலுக்கு எளிது என்று யாரும் சொல்லவில்லை.

உயரக் கணக்கைப் பாருங்கள். பிளவ்ஹெர்ட் 2571 மீட்டர். நான்காவது ஏரியான மூஸ்யிசே ஏறக்குறைய 2140 மீட்டர். அதாவது 430 மீட்டருக்கு மேல் இறக்கம். தேய்ந்த முழங்காலைப் படுத்துவது ஏற்றமல்ல, இறக்கம்தான். பிறகு மூஸ்யிசேயிலிருந்து 2288 மீட்டரில் இருக்கும் சுன்னேகாவுக்கு ஏற வேண்டும். ஏறத்தாழ ஐம்பது மாடி உயரம். அதுவும் கடைசியில், கால் ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் உச்சி வெயிலில். "இறங்குகிற பாதைதானே" என்று நம்பி வருகிறவர்கள் உட்கார்ந்துவிடும் இடம் இதுதான்.

அப்பாவுக்கு ஏற்ற திட்டம்: பிளவ்ஹெர்டிலிருந்து ஸ்டெல்லிசே வரை நடந்து, வந்த வழியே திரும்புங்கள். ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம்; ஏற்ற இறக்கமும் சொற்பம். பிறகு கேபிள் காரில் சுன்னேகாவுக்கு இறங்கி, அங்கிருந்து லைசேக்குப் போகும் சிறிய சாய்வு லிஃப்டில் ஏரிக்கரையை அடையலாம். படத்தில் பார்க்கும் காட்சிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு ஏரிகளிலேயே கிடைத்துவிடும். ஐந்தையும் பார்த்தே தீர வேண்டும் என்பது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கணக்கு.

ஊன்றுகோல் இரண்டு கட்டாயம். தரையில் ஊன்றிப் பிடித்தால் முழங்கை 90 டிகிரியில் மடங்க வேண்டும். இறக்கத்தில் அதைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். நீட்டாமல் இறங்கினால் உடல் முன்னால் சாயும், கோலால் பயனில்லை.

கேள்வி: பலகையில் இரண்டரை மணி நேரம் என்று இருக்கிறதாம். அவ்வளவுதானா?

பதில்: சுவிஸ் மஞ்சள் பலகைகளில் இருப்பது நிற்காமல் நடக்கும் நேரம். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துப் போட்ட கணக்கு. படம் எடுப்பது, சாப்பாடு, குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டிக் கழற்றுவது எதுவும் அதில் சேராது. குடும்பமாக வந்தால் நான்கரை, ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். சுன்னேகாவிலிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் ஏறும்போதே நிலையத்தில் பார்த்துவிடுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும். தவறவிட்டால் ஊருக்கு இன்னும் ஒன்றரை மணி நேர இறக்கம்.

கேள்வி: மாட்டர்ஹார்ன் மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் படம் எடுக்க ஆசை. போன தடவை நண்பர் மதியம் போய் வெறும் அலையைத்தான் எடுத்து வந்தார். எப்போது, எங்கே நிற்க வேண்டும்?

பதில்: முதல் கேபிள் காரைப் பிடியுங்கள். இதற்கு மூன்று காரணங்கள். ஸ்டெல்லிசே மாட்டர்ஹார்னுக்குக் கிழக்குப் பக்கமாக இருக்கிறது. காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து மலையின் கிழக்கு முகத்தில் விழும். பிற்பகலில் சூரியன் மலைப் பக்கம் போய்விடுவதால் மலை கறுத்துத் தெரியும். இரண்டாவது, சரிவுகள் சூடேற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே கிளம்பும். பத்து, பத்தரைக்குப் பிறகு நீர்ப்பரப்பு அசையாமல் இருப்பது அபூர்வம். மூன்றாவது, மேகம். வானம் முழுக்க நீலமாக இருக்கும்போதே இந்தச் சிகரம் மட்டும் ஒரு மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அதுவும் பகல் ஏற ஏறத்தான்.

நிற்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிளவ்ஹெர்டிலிருந்து வரும்போது மலை உங்களுக்குப் பின்னால் இருக்கும். ஏரியின் இந்த முனையில் நின்றால் ஒன்றும் கிடைக்காது. கரையோரமாக மறுமுனைக்குப் போய் வந்த திசையைத் திரும்பிப் பாருங்கள். செல்போனைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். எவ்வளவு தாழ்வாகப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு முழுமையாக மலையின் பிம்பம் விழும். அகல லென்ஸில் மலை சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துவிடும், 2 மடங்கு லென்ஸுக்கு மாற்றுங்கள். கேமராவில் போலரைசர் வடிகட்டி மாட்டியிருந்தால் சுழற்றிப் பாருங்கள்: ஒரு கோணத்தில் அது பிரதிபலிப்பையே அழித்துவிடும்.

ஸ்டெல்லிசேயில் காற்று கிளம்பிவிட்டதா? கிரிண்ட்யிசே இருக்கிறது. அது சிறிய ஏரி, சுற்றிலும் லார்ச் மரங்கள் காற்றைத் தடுக்கும், கொஞ்ச நேரம் கூடுதலாக அமைதியாக இருக்கும். லைசேயிலும் மலை தெரியும், குளிப்பவர்கள் இறங்கும் வரை. குரூன்சேயிலும் மூஸ்யிசேயிலும் இந்தப் படத்தைத் தேட வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? எங்களுக்கு மே மாத விடுமுறைதான் இருக்கிறது.

பதில்: மே வேண்டாம். மேலே பனி கிடக்கும், ஸ்டெல்லிசே உறைந்தே இருக்கக்கூடும், பிளவ்ஹெர்ட் கேபிள் கார் பெரும்பாலும் ஓடாது. ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை தான் காலம். ஜூன் கடைசியிலும் நிழல் பகுதிகளில் பழைய பனித்திட்டு இருக்கும். காலையில் அது கண்ணாடி போல் இறுகியிருக்கும், சறுக்கும். ஜூலை, ஆகஸ்டில் பூக்களும் உண்டு, கூட்டமும் உண்டு, பிற்பகல் இடிமழையும் உண்டு. எங்களைக் கேட்டால் செப்டம்பர். வானிலை நிலையாக இருக்கும். மாதக் கடைசியில் கிரிண்ட்யிசே கரையின் லார்ச் இலைகள் மஞ்சளாக மாறத் தொடங்கும்.

கேள்வி: இதற்கென்று தனி ஷூ வாங்க வேண்டுமா? வாக்கிங் ஷூ போதாதா?

பதில்: அடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் கட்டைகள் நான்கு மில்லிமீட்டராவது உயர்ந்து, விளிம்பு மழுங்காமல் இருந்தால் காய்ந்த நாளில் போதும். தேய்ந்து வழவழப்பானது வேண்டாம். இந்தப் பாதையில் வழுக்குவது பாறையில் அல்ல. இறுகிய மண்ணின்மேல் உதிரியாகக் கிடக்கும் சரளையில். கால் வைத்ததும் குண்டு உருளுவதுபோல் உருண்டுவிடும். மழை பெய்த மறுநாள் என்றால் கணுக்காலை மூடும் ஹைக்கிங் ஷூவே நல்லது.

புதிதாக வாங்கினால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். முன்னால் பெருவிரலுக்கு ஒரு விரல்கடை இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுக்கும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும், கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ் வாங்குங்கள். ஊரிலேயே குறைந்தது இரண்டு வாரம் போட்டுப் பழக்காத ஷூவை விமானத்தில் ஏற்றாதீர்கள்.

ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. சல்வார் பரவாயில்லை, துப்பட்டாவை விட்டுவிடுங்கள். சேலையில் இறங்கினால் கீழ்க்கரை குதிகாலில் சிக்கும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை. தள்ளுவண்டி போகுமா?

பதில்: லைசே பக்கம் போகும், அங்கே கரையில் விளையாட்டுத் திடலும் இருக்கிறது. முழுப் பாதைக்கும் போகாது. முதுகில் சுமக்கும் கேரியர் வேண்டும். அதில் குழந்தை, துணி, தண்ணீர் எல்லாம் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும் என்று லேபிளில் இருக்கும். பெரும்பாலான பெற்றோர் பையில் சாமான் ஏற்றும்போது அதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. சுமக்கிறவருக்கு வியர்க்கும், முதுகில் அசையாமல் இருக்கும் குழந்தைக்குக் குளிரும். உங்கள் உடம்பை வைத்து அதன் சூட்டைக் கணிக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை இறக்கி, பிடரியில் கைவைத்துப் பாருங்கள், காலையும் நீட்டி மடக்க விடுங்கள். தொங்கும் கால் மரத்துப்போகும்.

கேள்வி: உயரத்தில் தலைவலி வரும் என்கிறார்களே. மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: பிளவ்ஹெர்டின் உயரம் நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றுக் குறைவு. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் முக்கால் பங்கு. மேட்டில் மூச்சு வாங்கும், படபடப்பாக இருக்கும், அது இயல்பு. உண்மையான உயர நோய் மேலே வந்து பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும் என்பதால், பகலில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு அபூர்வம். வழியில் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததும், காலைச் சாப்பாட்டைத் தவிர்த்ததும், கூலிங் கிளாஸ் போடாததும்தான் காரணம். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மட்டும் யோசிக்காமல் கீழே இறங்குங்கள்.

அண்மையில் மாரடைப்போ ஸ்டென்ட்டோ ஆனவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தமும் கடுமையான ரத்தசோகையும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள். குளிர்ந்த உலர்காற்று திடீரென்று இழுப்பைக் கிளப்பும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வழியில் என்ன கிடைக்கும்?

பதில்: ஃப்ளூஆல்ப், ஃபிண்டெல்ன், சுன்னேகா பகுதிகளில் உணவகங்கள் உண்டு. ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவலில் பலநேரம் "ஸ்பெக்" எனும் பன்றி இறைச்சி இருக்கும்; "ஓனே ஸ்பெக்" என்று கேட்டு வாங்குங்கள். செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தின் ராக்லெட் பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டுதான் செய்கிறார்கள், கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. செர்மாட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் உண்டு. புளிசாதம் கட்டிக்கொண்டு போவதே மேல். தயிர்சாதத்தைவிடக் கெடாமல் தாங்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஊர்க் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். கழிவறை கேபிள் கார் நிலையங்களிலும் உணவகங்களிலும் மட்டும்தான், நடுவில் இல்லை.

கேள்வி: ஒரு ஏரி பால் கலந்த பச்சையாக இருக்கிறதே, சாயமா? குளிக்கலாமா?

பதில்: மூஸ்யிசே. பனிப்பாறை நகரும்போது அடியிலுள்ள கல்லை மாவாக அரைக்கிறது. அந்தத் துகள் உருகுநீரில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் அந்த நிறம். இது நீர்த்தேக்கம், இறங்க வேண்டாம். குளிக்க லைசே. வெயில் நாளிலும் குளிர் உறைக்கும். குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள், திடீர்க் குளிரில் மூச்சு தன்னையறியாமல் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: நடுவழியில் இடி இடித்தால்?

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். முப்பது வினாடிக்குள் என்றால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நீர்க்கரை, மேட்டு விளிம்பு, தனிமரம் மூன்றையும் விட்டு விலகுங்கள், குடையையும் ஊன்றுகோலையும் தள்ளி வையுங்கள். கட்டடம் எதுவும் எட்டாவிட்டால் தாழ்ந்த இடத்தில் குந்தி உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். பலர் எதிர்பார்க்காதது ஒன்று: இடிமழையிலும் பலத்த காற்றிலும் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். பிற்பகலில் இடி என்று முன்னறிவிப்பு இருந்தால் கிரிண்ட்யிசேயோடு நிறுத்தி, ஃபிண்டெல்ன் பக்கமாக நேரே சுன்னேகா போய்விடுங்கள்.

கேள்வி: சூரிச்சில் உறவினர் வீட்டில் தங்குகிறோம். ஒரே நாளில் போய்வர முடியுமா? பாஸ் செல்லுமா?

பதில்: முடியும். ஃபிஸ்ப்பில் வண்டி மாறி, ஒரு வழிக்கு மூன்றேகால் மணி நேரம் வரை ஆகும். ஆனால் விடிகாலை வண்டியில் கிளம்பினாலும் ஸ்டெல்லிசே போய்ச் சேர ஏறக்குறைய பத்தரை. மேலே சொன்ன படம் சந்தேகம். ஒரு இரவு செர்மாட்டிலோ, விலை குறைந்த பக்கத்து ஊரான டேஷிலோ தங்குங்கள். காரில் வந்தாலும் டேஷில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிட ரயிலில்தான் வர வேண்டும், செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதியில்லை.

சுவிஸ் டிராவல் பாஸ் செர்மாட் வரை முழுக்கச் செல்லும். அங்கிருந்து மலைமேல் ஏறும் வண்டிகளில் பாதிக் கட்டணம். கவுன்ட்டரில் "பிளவ்ஹெர்ட் வரை ஏற, சுன்னேகாவிலிருந்து இறங்க" என்று கேளுங்கள். பிளவ்ஹெர்டுக்கு இருவழிச் சீட்டு எடுத்தால் பயன்படாத பகுதிக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: மாடுகள் வழியில் நின்றால்?

பதில்: கன்றோடு இருக்கும் பசுவைப் பாதையை விட்டு இறங்கிச் சுற்றிப் போங்கள், நடுவில் புகாதீர்கள். ஊர் மாடு என்று நினைத்துத் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். கறுப்பு முகச் செம்மறிகள் உப்புக்காகக் கையை நக்க வரும், அவை சாது.

கேள்வி: காப்பீட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குமா, நடைப்பயணத்துக்கு உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று விதிகளில் தேடுங்கள். அவசரத்துக்கு வாலே மாநிலத்தில் 144. சிக்னல் குறைவாக இருந்தால் 112. கூப்பிடும்போது கடைசியாகத் தாண்டிய ஏரியின் பெயரைச் சொல்லுங்கள். ஸ்விஸ்டோப்போ செயலி இலவசம். வரைபடத்தை ஹோட்டல் வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் மேலே நெட் இல்லாமலும் நீங்கள் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவு எண்கள் தெரியும். அதையும் படித்துக் காட்டுங்கள்.