கல்முனைக் கிளைக்கு ஏறாவூர்க் கணக்கும் தெரியுது: பவர் பிஐ

வணக்கம். தரவை அறிக்கையாக்குற பவர் பிஐ மென்பொருளில கிளைக்கொரு ரோல் (யாருக்கு எந்தத் தரவு தெரியும் எண்ட விதி) போட்டு, டெஸ்க்டாப்பில 'வியூ ஆஸ்' (அந்த ரோலில உள்ளவராகப் பார்க்கிற சோதனை) பார்க்கும்போது சரியாக இருந்தது, ஆனால் இணையத்தில ஏத்தின பிறகு கல்முனை முகாமையாளருக்கு ஏறாவூர், அக்கரைப்பற்று விற்பனையும் தெரியுது எண்டு கேட்டிருக்கிறீங்கள். உங்கட ரோலில பிழையில்லை. அவரை ஒர்க்ஸ்பேஸில (அறிக்கைகளை வைத்துப் பலர் சேர்ந்து பாவிக்கிற இடத்தில) 'மெம்பர்' ஆக்கினதுதான் பிழை. அட்மின், மெம்பர், கொன்ட்ரிபியூட்டர் மூவருக்கும் டேட்டா மொடலை, அதாவது அறிக்கைக்குப் பின்னால இருக்கிற தரவுத் தொகுப்பை, திருத்தும் உரிமை இருக்கு. அந்த உரிமை உள்ளவருக்கு வரிசைக் கட்டுப்பாடு (ரோல்படி தரவு வரிசைகளை மறைக்கிறது) வேலை செய்யாது. 'வியூவர்' எண்டால்தான் அது பிடிக்கும்.

'மேனேஜ் அக்ஸஸ்' போய் அவரை வியூவர் ஆக்குங்கோ. பிறகு மொடலின் மூன்று புள்ளியில 'செக்கியூரிட்டி' திறந்து, கல்முனை ரோலில அவர்ட மின்னஞ்சலைச் சேருங்கோ. இதை மறந்தால் அவருக்கு விளக்கப்படங்கள் திறக்காது. ஒரே ஆள் இரண்டு ரோலில இருந்தால் இரண்டு கிளையும் தெரியும், அதையும் கட்டாயம் பாருங்கோ.

அவர் சொந்தமாக அறிக்கை செய்யோணுமெண்டால் இந்த ஒர்க்ஸ்பேஸில பதவி உயர்த்தவே வேண்டாம். வேறொரு ஒர்க்ஸ்பேஸ் திறந்து குடுத்து, இந்த மொடலுக்கு 'பில்ட்' (மொடலை வைத்து அறிக்கை செய்யிற) அனுமதி மட்டும் குடுங்கோ. கட்டுப்பாடு அப்படியே நிற்கும்.