சான் அன்டோனியோவிலிருந்து கௌபாய் நாட்டுக்கு ஒரு நாள் பயணம்: எந்த ஊரில் நிற்பது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் வசிக்கிறோம். அக்டோபரில் ஊரிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை காரில் புறப்பட்டு பண்டேரா, மெடீனா, கெர்வில், ஃபிரெடரிக்ஸ்பர்க், லக்கன்பாக், கம்ஃபர்ட் ஆகிய ஆறு ஊர்களையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப எண்ணுகிறோம். அம்மா சுத்த சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஏழு வயது மகன் குதிரை ஏறியே தீர வேண்டும் என்கிறான். இது ஒரே நாளில் நடக்குமா?

பதில்: தூரத்தை மட்டும் கணக்கிட்டால் நடக்கும். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்தி, அப்பாவை மெல்ல இறக்கி, கழிப்பறை தேடி, மறுபடி எல்லோரும் ஏறிப் புறப்படுவதற்கே அரை மணி நேரம் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆறு ஊர்களில் ஒன்றைக்கூட நிதானமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகவே பண்டேராவுக்குப் பாதி நாளை முழுதாக ஒதுக்குங்கள், கேம்ப் வெர்டி என்ற சிற்றூரும் கம்ஃபர்ட்டும் திரும்பும் வழியில் அமையட்டும், மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஃபிரெடரிக்ஸ்பர்க் 1846-இல் ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்த அழகான ஊர்தான். ஆனால் அங்குள்ள பசிபிக் போர் அருங்காட்சியகத்துக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். கடைத்தெருவோ இன்று ஒயின் சுவைக்க வருபவர்களின் தெருவாகிவிட்டது. கௌபாய்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

நான் சொல்லும் வழி இதுதான். மாநில நெடுஞ்சாலை 16-இல் வடமேற்காகச் சென்றால் சுமார் 50 மைலில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், பண்டேரா வந்துவிடும். அங்கிருந்து நெடுஞ்சாலை 173-இல் கேம்ப் வெர்டியைத் தொட்டு, கெர்வில்லின் ஓரமாக நெடுஞ்சாலை 27-ஐப் பிடித்து கம்ஃபர்ட்டுக்குப் போய், பெர்னி வழியாகச் செல்லும் ஐ-10 விரைவுச்சாலையில் வீடு திரும்பலாம். மொத்தம் 140 மைல் அளவுதான். மெடீனாவிலிருந்து கெர்வில்லுக்கு நெடுஞ்சாலை 16-இலேயே தொடர்ந்து போகலாம் என்று வரைபடச் செயலி காட்டினால் அதைக் கேட்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்தச் சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு விருந்து, பின்னிருக்கையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தலைசுற்றல்.

பண்டேரா தன்னை உலகக் கௌபாய்களின் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. மக்கள்தொகை ஆயிரத்தைக்கூட எட்டாத ஊருக்கு இந்தப் பெயர் மிகையாகத் தோன்றலாம்; ஆனால் அதற்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் (1861–65) பிறகு டெக்சாஸில் மாடுகள் மலிந்து கிடந்தன. நல்ல விலையோ வடக்கே கான்சாஸின் ரயில் நிலையங்களில்தான் கிடைத்தது. மேய்ச்சல் நிலங்களில் புதிய குடியேறிகள் வேலி போட்டதாலும், டெக்சாஸ் மாடுகளின் உண்ணிகள் பரப்பிய காய்ச்சலுக்கு அஞ்சி அவற்றைத் தடுத்ததாலும் பழைய மந்தைப் பாதைகள் கிழக்கே அடைபட, 1874-இல் ஜான் லைட்டில் என்பவர் மேற்கே புதிய பாதையில் ஏறத்தாழ 3,500 மாடுகளை நெப்ராஸ்காவரை ஓட்டிச் சென்றார். பின்னர் பெரும் மேற்குப் பாதை எனப் பெயர்பெற்ற அந்த வழியில் மந்தைகள் கூடிப் புறப்பட்ட இடங்களில் ஒன்று பண்டேரா. முள்கம்பியும் ரயிலும் பரவியதும் அந்தத் தொழில் முடிந்தது. பிழைப்புக்கு வழி தேடிய பண்ணையார்கள் 1920-களில் நகரத்து விருந்தினர்களைக் கட்டணத்துக்குத் தங்கவைத்துக் குதிரை ஏற்றத் தொடங்கினார்கள். இன்று நீங்கள் காணப்போகும் பண்டேரா இந்த இரண்டும் கலந்தது. விருந்தினருக்கான வேடிக்கை உண்டு, ஆனால் அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் மாடும் குதிரையும் பழகியவர்கள்தாம். கயிறு வீசுவதையும் சேணம் அமைப்பதையும் அமெரிக்கக் கௌபாய்கள் கற்றது மெக்சிகோவின் 'வகேரோ' மேய்ப்பர்களிடமிருந்து என்பதையும் மகனுக்குச் சொல்லிவையுங்கள். திரையில் இது அரிதாகவே வரும்.

ஊரின் பிரதானத் தெரு குறுகியது, சமதளமானது. அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. சனிக்கிழமைகளில் பல சமயம் கௌபாய் உடையில் வேடிக்கைத் துப்பாக்கிச் சண்டையும் கயிறு வீச்சும் நடத்துவார்கள். உங்கள் தேதிக்கு நிகழ்ச்சி உண்டா என்று ஊரின் பார்வையாளர் மையத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தின் முன்னுள்ள புல்வெளியில் ரோடியோ எனப்படும் குதிரை, மாடு அடக்கும் போட்டிகளின் வீரர்களுக்கான வெண்கலச் சிலை இருக்கிறது. மார்வின் ஹன்டர் என்ற பத்திரிகைக்காரர் 1933-இல் திறந்த ஃபிரான்டியர் டைம்ஸ் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள்: சேணங்களுக்கும் பழங்காலத் துப்பாக்கிகளுக்கும் நடுவே இரட்டைத் தலை ஆடு வரை எதையும் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார், ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட ஏற்ற இடம் அந்த ஊரில் இல்லை. நேரம் இருந்தால் 1855-இல் வந்த போலந்துக் குடும்பங்கள் நிறுவிய புனித ஸ்டானிஸ்லாஸ் தேவாலயத்தையும் எட்டிப்பாருங்கள்.

குதிரையேற்றத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சனிக்கிழமை இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். பண்ணைகள் குறைந்தபட்ச வயதும் எடை வரம்பும் வைத்திருக்கின்றன. அவை பண்ணைக்குப் பண்ணை மாறும் என்பதால், தொலைபேசியில் மகனின் வயதைச் சொல்லி உறுதி செய்யுங்கள். காலை முதல் சவாரியே நல்லது, வெயிலும் குறைவு. முழு நீளக் கால்சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். முழங்கால் வலி உள்ளவரைக் குதிரையில் ஏற்ற வேண்டாம். ஒரு மணி நேரம் கால் மடங்கியே இருப்பதும், பிறகு இறங்குவதும் அவரைப் படுக்கவைத்துவிடும்.

சாப்பாட்டில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊர்களின் உணவகங்களில் சைவமாகத் தோன்றுவது பலவும் சைவமல்ல. பின்டோ பீன்ஸிலும் பச்சை பீன்ஸிலும் பன்றி இறைச்சித் துண்டுகளைப் போட்டு வேகவைப்பது வழக்கம். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மெக்சிகோ பாணி உணவான சீஸ் என்சிலாடாவின் மேல் ஊற்றும் குழம்பு மாட்டிறைச்சியில் செய்ததாக இருக்கலாம். நீங்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர் என்றால் சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக் என்பதைக் கேட்டுவிடாதீர்கள், அது கோழி அன்று. மாட்டிறைச்சித் துண்டைக் கோழி வறுவல் முறையில் பொரித்தது. பிரதானத் தெருவில் 1921 முதல் இயங்கும் ஓ.எஸ்.டி. உணவகத்தில் குதிரைச் சேணங்களையே இருக்கைகளாக வைத்திருக்கிறார்கள். மகனுக்காக அங்கே காலைச் சிற்றுண்டி சாப்பிடலாம். மதியத்துக்கு வீட்டிலிருந்து புளியோதரையும், ஐஸ் பெட்டியில் தயிர்சாதமும் கொண்டுபோய், மெடீனா ஆற்றங்கரையில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் ஊர்ப் பூங்காவில் சாப்பிடுவதே அம்மாவுக்கு நிம்மதி.

கேம்ப் வெர்டியில் பழைய பொதுக் கடையைத் தவிரப் பார்க்க அதிகமில்லை. ஆனால் இங்கேதான் 1856-இல் அமெரிக்க ராணுவம் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்து, பாலைவனப் போக்குவரத்துக்குச் சோதித்துப் பார்த்தது. சுமை தூக்குவதில் கோவேறு கழுதைகளை அவை விஞ்சின. குதிரைகளோ அவற்றைக் கண்டு மிரண்டன. உள்நாட்டுப் போர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

கம்ஃபர்ட்டில் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் நிறைந்த பழைய கடைத்தெருவும், அதனருகே ஒரு நினைவுத்தூணும் உள்ளன. அடிமை முறைக்காகப் போராடிய தென்மாநிலக் கூட்டமைப்புக்கு விசுவாசம் காட்ட மறுத்து மெக்சிகோவை நோக்கிச் சென்ற ஜெர்மானியர்கள் 1862-இல் நியூசெஸ் ஆற்றருகே தாக்கிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக 1866-இல் எழுப்பப்பட்ட தூண் அது. இங்கே முக்கால் மணி நேரம் போதும்.

சாலை பற்றிச் சில விதிகள். டெக்சாஸ் சட்டப்படி எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, 4 அடி 9 அங்குல உயரத்தை எட்டியிராவிட்டால், குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும். இருவழிச் சாலையில் பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், தார் போட்ட ஓரப்பகுதிக்குச் சற்று ஒதுங்கி வழிவிடுவது இங்கே வழக்கம், சட்டமும் அதை அனுமதிக்கிறது. சாலையோர நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியார் சொத்து. நீண்ட கொம்பு மாட்டைப் படம் பிடிக்க வேண்டுமானால் வேலிக்கு வெளியே நின்றே பிடியுங்கள். மலைகளுக்கிடையே கைபேசி சமிக்ஞை விட்டுவிட்டு வருமென்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் இப்பகுதியெங்கும் மான்கள் சாலையைக் கடக்கும். ஆகவே சூரியன் மறைவதற்குள் கம்ஃபர்ட்டைவிட்டு ஐ-10-இல் ஏறிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மழையைக் கவனியுங்கள். இந்த மலைகளில் மண் மெல்லிய படலம், அடியில் பாறை. பெய்த நீர் ஊறாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு பெருகி, கெர் மாவட்டத்தில் மட்டும் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீங்கள் போகும் கெர்வில்லும் கம்ஃபர்ட்டும் அதே ஆற்றின் கரையில் உள்ளவை. ஓடை சாலையின் மேலே ஓடும் தாழ்வான இடங்கள் இங்கே பல. ஓர் அடி ஆழ ஓட்டம் சிறிய காரை மிதக்கவைக்கும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். எனவே சாலையில் நீர் ஓடினால், முன்னால் போனவர் தாண்டியிருந்தாலும், வண்டியைத் திருப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்பைப் பாருங்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை இருந்தால் அன்றே பண்ணையை அழைத்துச் சவாரியை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள். முன்பதிவு செய்யும்போதே அப்படி மாற்றித் தருவார்களா என்று கேட்டுவைத்தால் பணமும் வீணாகாது.