பிரபலமான வர்ணனையாளரை அணி நீக்கினால் பேஸ்பால் ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இதையும் சேர்த்திருக்கிறார்: "ஆடுவது ஆட்டக்காரர்கள். மைக் பிடிப்பவர் மாறினால் என்ன குடி முழுகிவிடும்?" வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். 2015-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் தொலைக்காட்சி வர்ணனையாளர் டான் ஒர்சிலோவை வேண்டாம் என்று அனுப்பியபோது நான் மாசசூசெட்ஸில் இருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த அந்த ஒரு கதையை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நமக்குப் பழக்கமான கிரிக்கெட் ஒளிபரப்பில் அரை மணிக்கு ஒருமுறை வர்ணனையாளர்கள் மாறுவார்கள். யார் போனார், யார் வந்தார் என்றுகூடக் கவனிக்க மாட்டோம். அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் சொந்தமாக ஒரு ஜோடி உண்டு. ஒருவர் நடப்பதைச் சொல்வார். பக்கத்தில் பெரும்பாலும் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் உட்கார்ந்து விளக்கம் கொடுப்பார். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள், ஏறக்குறைய தினமும் ஒன்று, அப்போதெல்லாம் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். அதில் பெரும்பாலானவற்றுக்கு அதே இரண்டு குரல்கள்தான். மூன்று மணி நேரத்தில் பந்து உண்மையிலேயே நகரும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்களே தேறும். மற்ற நேரமெல்லாம் எறிபவர் தொப்பியைச் சரிசெய்வார், அடிப்பவர் கையுறையை இறுக்குவார், யாரோ ஒருவர் சூரியகாந்தி விதையைத் துப்புவார். அந்த இடைவெளியைப் பேசி நிரப்புவதுதான் அந்த இருவரின் வேலை. அப்படிப் பேசிப் பேசியே ஆறு மாதத்தில் அவர்கள் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒர்சிலோவும் அவர் ஜோடியான முன்னாள் ஆட்டக்காரர் ஜெர்ரி ரெமியும்தான். புது ஊர், பேச்சுத் துணை கிடையாது, வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் ரெட் சாக்ஸ் ஆட்டங்களைக் காட்டும் நெஸ்ஸன் சேனலில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பாதி விதி புரியாது. ஆனால் ரெமி "இவர் இப்போது இரண்டாவது பேஸைத் திருடப் பார்ப்பார், காலைக் கவனியுங்கள்" என்பார். (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத்தான் திருட்டு என்கிறார்கள்.) அடுத்த பந்திலேயே அவர் ஓடுவார். அப்புறம் சேனலை எப்படி மாற்றுவது?

ஒர்சிலோ நியூ இங்கிலாந்துக்காரர். பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே அவருக்கு ஒலிபரப்புப் பாடம் எடுத்தவர் ரெட் சாக்ஸின் வானொலி வர்ணனையாளர் ஜோ காஸ்டிலியோன். படித்து முடித்ததும் சிறிய லீக்குகளில் ஆண்டுக்கணக்காக மைக் பிடித்து, கடைசியில் ரெட் சாக்ஸின் கிளை அணியான பாட்டக்கெட்டிலிருந்து 2001-இல் பெரிய அணிக்கு வந்தார். வந்ததும் ஏப்ரல் 4 அன்று பால்டிமோரில் ஜப்பானிய எறிபவர் ஹிடேயோ நோமோ எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பேஸைச் சேர்வது) கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். சில வர்ணனையாளர்கள் தங்கள் வாழ்நாள் முழுக்க அப்படி ஒன்றுக்காகக் காத்துக் கிடப்பார்கள். இவருக்கு வந்தவுடனே அமைந்தது.

ஆனால் மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது அதற்காக அல்ல. 2007 ஏப்ரலில் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வேயில் ஏஞ்சல்ஸ் அணியுடன் ஆட்டம், குளிரும் ஈரமுமான நாள். இடது பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு பந்து உயரப் போகிறது. ஏஞ்சல்ஸின் கேரட் ஆண்டர்சன் தடுப்புக்கு மேல் சாய்ந்து பிடிக்கப் பார்க்கிறார், பார்வையாளர் ஒருவரும் கையை நீட்டுகிறார், பந்து யாருக்கும் கிடைக்கவில்லை. அதே நொடியில் பின்னாலிருந்து இன்னொரு பார்வையாளர், கையை நீட்டியவர்மீது ஒரு துண்டு பீட்சாவை வீசுகிறார். முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. மறுஒளிபரப்பைப் பார்த்ததும் ரெமி "இதோ வருகிறது பீட்சா" என்றார். அவ்வளவுதான், ஒர்சிலோவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒருவர் மூச்சு வாங்கச் சிரிக்கிறார், மற்றவர் பந்தை ஆராய்வதுபோலவே பீட்சா வந்த பாதையை ஆராய்கிறார். இணையத்தில் அந்தக் காட்சி இன்னும் கிடைக்கிறது. ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் யாரோ யார்மீதோ எதையோ எறிகிறார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ரெட் சாக்ஸ் 2004, 2007, 2013 என்று மூன்று முறை சாம்பியன் ஆனபோதும் இறுதிச் சுற்றான உலகத் தொடர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் ஒர்சிலோ சொல்லவில்லை. அவை தேசியச் சேனலுக்குச் சொந்தம்; வேறு ஆட்கள் வந்து சொல்வார்கள். உள்ளூர் வர்ணனையாளர் உங்களோடு இருப்பது மே மாதச் செவ்வாய்க்கிழமையன்று 9-1 என்று தோற்கும் ஆட்டத்தில்தான். கடைசி இடத்தில் கிடக்கும் அணியைத் தினமும் பார்க்கவைப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். 2014-இல் ரெட் சாக்ஸ் தன் பிரிவில் கடைசி, 2015-இலும் கடைசி. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் டிவி போட்டது அணிக்காக இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். 2015 ஆகஸ்ட் 25 அன்று, அதிகாரபூர்வ அறிவிப்புக்கு முன்பே உள்ளூர் வானொலியில் செய்தி கசிந்தது. இந்த சீசனோடு ஒர்சிலோ கிடையாது, அடுத்த ஆண்டிலிருந்து அணியின் வானொலிக் குரலாக இருந்த டேவ் ஓப்ரையன் வருகிறார். சொன்ன காரணம், ஒளிபரப்புக்குப் புதுத் தெம்பு ஊட்டுவதாம். தெம்பு இல்லாமல் கிடந்தது பந்து எறிந்தவர்கள் என்று ஊரே சொன்னது.

கோபம் அணியின் நிர்வாகத் தலைவர் டாம் வெர்னர் பக்கம் திரும்பியது. காரணம், நெஸ்ஸன் சேனலில் 80 சதவீதம் ரெட் சாக்ஸை வைத்திருக்கும் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழுமத்துடையது. (லிவர்பூல் கால்பந்து அணியும் அவர்களுடையதுதான்.) அணியும் சேனலும் ஒரே வீட்டுக்காரர் கையில். இரண்டும் வேறு வேறு கையில் இருக்கும் இடத்தில் சேனல் தப்பு செய்தால் அணியிடம் முறையிடலாம், அணி தப்பு செய்தால் சேனல் கொஞ்சம் சுதந்திரமாகப் பேசும். இங்கே முறையிட இடமே இல்லை. சேனலை மாற்றிப் பழிவாங்கலாம் என்றால் ஆட்டம் வேறு எந்தச் சேனலிலும் வராது. வீட்டுக்கு வரும் கேபிள் கட்டணத்தில் நெஸ்ஸனுக்கான பங்கும் சேர்ந்தே இருக்கும். ஆக, ரசிகருக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவது.

கத்தினார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு போனது. ஃபென்வேயில் ஒர்சிலோவுக்கு ஆதரவான பதாகைகளைப் பிடித்தவர்களிடமிருந்து அவற்றைப் பிடுங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதைதான். கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று மைதானத்தின் பெரிய திரையில் அவருக்கு ஒரு நன்றிக் காணொளி ஓடியது, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நெஸ்ஸனில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது காட்டப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் அந்தத் திரையில் இருந்தவருக்கு அந்தத் திரையிலேயே இடமில்லை! ஆளை எடுத்ததைக்கூடச் சிலர் மன்னித்திருப்பார்கள், இதை மன்னிக்கவில்லை.

மனிதர் ஒரு வார்த்தை கசப்பாகப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். செய்தி வெளியானதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் வந்து உட்கார்ந்து அதே குரலில் வேலையைச் செய்தார். அக்டோபர் 4, கிளீவ்லாந்தில் சீசனின் கடைசி ஆட்டம். ரெட் சாக்ஸ் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெளியே வந்து, மேலே வர்ணனையாளர் அறையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மரியாதை செலுத்தினார்கள். வழக்கமாக இந்த மரியாதை எதிர்த்திசையில் போகும்.

அடுத்த ஏப்ரலில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு போராட்டம் நடத்தினார். டிவியில் ஒலியை அடைத்துவிட்டு வானொலியில் காஸ்டிலியோனின் வர்ணனையை வைப்பது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வானொலி டிவியைவிடச் சில நொடிகள் முன்னால் ஓடும். வானொலியில் பந்து வேலிக்கு அப்பால் போய்க் கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கும், திரையில் எறிபவர் இன்னும் பந்தைத் தடவிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாளில் அவரே அலுத்துப்போய் ஒலியைத் திறந்துவிட்டார். ஓப்ரையன் நல்ல வர்ணனையாளர், குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரோ செய்த காரியத்துக்குப் பழி அவர் தலையில் வந்து விழுந்தது.

சரி, இது பாஸ்டன்காரர்களின் தனி வியாதியா? இல்லை. 1990 டிசம்பரில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியும் அதன் வானொலி நிலையமும் சேர்ந்து, 1960-இலிருந்து அணியின் குரலாக இருந்த எர்னி ஹார்வெலுக்கு 1991-தான் கடைசி ஆண்டு என்று அறிவித்தன. அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல். மூன்றாவது ஸ்ட்ரைக்கை (அதோடு அடிப்பவர் அவுட்) ஒருவர் மட்டையை அசைக்காமல் விட்டுவிட்டால் "சாலையோர வீடு மாதிரி அப்படியே நின்றார்" என்பார் ஹார்வெல். மிச்சிகன் முழுக்கக் கொந்தளித்தது. அணியின் உரிமையாளர் டோமினோஸ் பீட்சா அதிபர் என்பதால் பீட்சாவையே புறக்கணிப்போம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1992-இல் அணியை வாங்கியவர் லிட்டில் சீசர்ஸ் பீட்சாவின் மைக் இலிச். (பேஸ்பாலுக்கும் பீட்சாவுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ.) 1993-இல் ஹார்வெல் திரும்ப வந்தார். 2002 வரை சொன்னார். 2010-இல் அவர் இறந்தபோது டைகர்ஸ் மைதானத்திலேயே உடலை அஞ்சலிக்கு வைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள்.

நியூயார்க் யாங்கீஸின் ரெட் பார்பர் கதை வேறு மாதிரி. 1966 செப்டம்பர் 22, அணி கடைசி இடத்தில். அத்தனை பெரிய யாங்கீ மைதானத்துக்கு அன்று வந்தவர்கள் 413 பேர். காலி இருக்கைகளைக் காட்டும்படி பார்பர் கேமராக்காரர்களைக் கேட்டார், காட்டவில்லை. இன்றைய செய்தியே இந்தக் கூட்டம்தான் என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். சில நாட்களில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தகவல் வந்தது. 2023-இல் பால்டிமோர் ஓரியோல்ஸின் கெவின் பிரவுனைக் கொஞ்ச காலம் ஒளிபரப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர் செய்தது, டாம்பா பே அணியின் மைதானத்தில் ஓரியோல்ஸ் முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு மோசமாகத் தோற்றது, இப்போது எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொன்னது. அந்தப் புள்ளிவிவரம் அணியே அச்சடித்துக் கொடுத்த குறிப்பில் இருந்தது! மற்ற அணிகளின் வர்ணனையாளர்களே நேரலையில் கிண்டல் அடித்தார்கள். மைதானத்தில் ரசிகர்கள் அவரை விடுவிக்கச் சொல்லி முழக்கமிட்டார்கள். சீக்கிரமே திரும்ப வந்துவிட்டார்.

இப்போது அணியின் பக்கம். வர்ணனையாளருக்கு ஆயுள் முழுக்க வேலை தர யாரும் கையெழுத்துப் போடவில்லை. சிலருக்கு வயதாகிப் பெயர் குழறும், சிலர் ஒரே நகைச்சுவையை இருபது வருடம் சொல்வார்கள். மாற்றுவது உரிமையாளரின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒர்சிலோவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. குறை என்று யாராலும் ஒன்றைச் சுட்ட முடியவில்லை. சுட்டவும் இல்லை. பார்ப்பவர்கள் அதைத்தான் கேட்டார்கள்: நாங்கள் தினமும் பார்க்கிறோமே, எங்களுக்குத் தெரியாத எந்தக் குறை உங்களுக்குத் தெரிந்தது?

மனு போட்டால் ஆள் திரும்பி வருவாரா என்றால், நான் அறிந்தவரை ரசிகர் கோபத்தால் மட்டும் அரிதாகவே நடக்கும். ஹார்வெலுக்கு உரிமையாளர் மாற வேண்டியிருந்தது. பாஸ்டனில் உரிமையாளர் மாறவில்லை, ஒர்சிலோவும் வரவில்லை. ரெமி மட்டும் புற்றுநோயோடு போராடிக்கொண்டே 2021 வரை அதே நாற்காலியில் இருந்தார், அந்த அக்டோபரில் இறந்தார்.

ஒர்சிலோ 2016-இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்குப் போனார். அங்கே சக வர்ணனையாளர் மார்க் கிராண்டோடு அதே சிரிப்பு, அதே கலாட்டா. அந்த ஊர்க்காரர்களும் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 2023 மே கடைசியில் பாட்ரெஸை ஒளிபரப்பிய சேனல் பணம் கட்ட முடியாமல் உரிமையைக் கைவிட, லீக்கே ஒளிபரப்பை எடுத்து நடத்தியது. சேனல் போயிற்று, ஒர்சிலோ அடுத்த ஆட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தார். அங்கே மாலை 6:40 ஆட்டம் எங்களுக்கு இரவு 9:40. மறுநாள் அலுவலகம் இருந்தாலும் இரண்டு இன்னிங்ஸாவது பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.