நொக்ஸ், நொக்திஸ்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறேன். செடிகளின் பெயர்களில் தொடங்கிய ஆசை, நான்கு மாதமாக லத்தீன் படிக்கிறேன். அட்டையில் எழுதி 400 சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு வரியைப் படிக்க உட்கார்ந்தால் தெரிந்த சொல்கூடப் பிடிபடவில்லை. எங்கே தவறு?

மீ., தேவகோட்டை

அன்புள்ள மீ.,

உங்கள் அட்டையில் 'நொக்ஸ் – இரவு' என்று மட்டும் இருக்கும் என நினைக்கிறேன். வரியில் வருவதோ நொக்திஸ், நொக்தெம், நொக்தே. பிறகு எப்படி அடையாளம் தெரியும்?

தமிழிலும் இதுதானே நடக்கிறது. 'ஆறு' என்று மட்டும் படித்துவிட்டு நம் ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர் 'ஆற்றில்' என்றதும் திகைப்பார். 'மரம்' தெரிந்தாலும் 'மரத்தை' அவருக்குப் புதுச்சொல். உருபு ஏறும்முன் சொல் எப்படி மாறும் என்பதை நாம் பிள்ளைப் பருவத்தில் காதாலேயே கற்றுக்கொண்டோம். லத்தீனுக்கு அந்தக் காது நமக்கு இல்லை. அதனால்தான் அகராதி ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் 'உடைய' என்ற பொருள் தரும் வடிவத்தையும் சேர்த்தே தருகிறது. நொக்ஸ், நொக்திஸ். ஃபுளோஸ், ஃபுளோரிஸ் – பூ. இத்தெர், இத்தினெரிஸ் – பயணம். இந்த இரண்டாம் வடிவத்தின் கடைசி 'இஸ்'ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவதன் மேல்தான் மற்ற உருபுகள் ஏறும். நான் முதல் வருடம் முழுக்க இதை விட்டுவிட்டு, அப்புறம் எல்லா அட்டையையும் திரும்ப எழுதினேன். நீங்கள் இப்போதே எழுதிவிடுங்கள்.

கூடவே பாலையும் குறியுங்கள். வகுப்பில் மிளகை 'பைப்பர் நைக்ரம்' என்கிறீர்கள் அல்லவா? கருப்பு என்பது ஆண்பாலுக்கு நிகெர், பெண்பாலுக்கு நிக்ரா. பிபெர் இரண்டிலும் சேராத பால், அதனால் நிக்ரும். அந்த பிபெர் வடமொழிப் 'பிப்பலி' கிரேக்கம் வழியாக ரோமுக்குப் போன சொல். பிப்பலி என்பது இருமலுக்கு ஆச்சிமார் இடித்துக் கொடுக்கும் திப்பிலிதான்.

சரி, வாசிப்பை ஒரு காசிலிருந்து தொடங்குங்களேன். புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்துக் காசு ஒன்றின் படத்தைப் பாருங்கள், 'தீவி' என்று பொறித்திருக்கும். தீவுஸ் என்றால் தெய்வமானவர், தீவி என்றால் தெய்வமானவருடைய. அடுத்து அவருக்கு முந்தைய பேரரசர் அகுஸ்துஸின் பெயர் சுருக்கமாக, அதன்பின் மகன் என்பதற்கு ஒற்றை எழுத்து. தெய்வமான அகுஸ்துஸின் மகன். படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.